தொண்டைச் சதையும் பிள்ளைக் காய்ச்சலும்

ஐப்பசி பிறந்து மழைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் குழந்தை மருத்துவர்களின் வாசலில் மாலை வேளையில் உட்கார இடம் கிடைப்பது அரிது. கல்லல், பள்ளத்தூர், சாக்கோட்டை எனச் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து பேருந்து ஏறி வந்த தாய்மார்கள், துண்டில் பொதிந்த குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, நிமிடத்துக்கொரு முறை அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவாறு அமர்ந்திருப்பார்கள். உடன் வந்த அப்பத்தாவோ அம்மாச்சியோ, "தொண்டையில சதை வளந்திருக்கு, அதுதான் காய்ச்சல் விடமாட்டேங்குது" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே சென்றதும் மருத்துவர் நாக்கை அழுத்தி, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "டான்சில் வீங்கியிருக்கிறது" என்பார். அப்பத்தா சொன்னதும் மருத்துவர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றேதான். அதன்பின் செய்ய வேண்டியது என்ன என்பதில்தான் இருவர் வழியும் பிரிகிறது.

அந்தப் பிரிவைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். தொண்டை அழற்சியால் குழந்தைக்கு வரும் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களில் தானே தணிந்துவிடும். அந்தக் காய்ச்சலைக் கண்டு பதறி நாம் செய்யும் காரியங்களே பல வீடுகளில் குழந்தைக்குக் கேடாக முடிகின்றன. அதே வேளையில், விரைந்தோட வேண்டிய கட்டத்தில் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடும் வீடுகளும் உண்டு. எந்த இடத்தில் பொறுக்கலாம், எந்த இடத்தில் ஒரு நாழிகையும் பொறுக்கலாகாது என்பது தாய்க்கு மட்டுமன்றித் தந்தைக்கும், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முகப்பில் அமர்ந்த கணக்கப்பிள்ளை

வாயை அகலத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் நடுவே தொங்குவது உள்நாக்கு. அதற்கு இருபுறமும், தொண்டையின் வாசலில், சிறு பாதாம் பருப்பைப் போல் தெரிபவை டான்சில்கள். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாக்கி "உள்நாக்கு வளர்ந்துவிட்டது" என்கிறோம், அது சரியன்று. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்புத் திண்ணையில் அமர்ந்து, வந்தவர் யார், எந்த ஊர் என்று விசாரித்த பிறகே உள்ளே விடும் கணக்கப்பிள்ளையை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். டான்சிலின் வேலையும் அதுவே. வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் நுழையும் கிருமிகளை முதலில் எதிர்கொண்டு, அவற்றை உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் காட்டுகிறது. வருகிறவர் முரடராக இருந்தால் வாசலிலேயே கைகலப்பு நிகழும். அந்தக் கைகலப்பே வீக்கமும், சிவப்பும், காய்ச்சலும்.

பிறந்த குழந்தைக்கு இச்சதை மிகச் சிறியது. வயது ஏற ஏறப் பெருத்து, ஐந்து முதல் ஏழு வயதுக்குள் மிகப் பெரிதாக இருந்து, பின்னர் சுருங்கத் தொடங்கும். ஆகவே பிள்ளையின் தொண்டையில் பருத்த சதை தெரிகிறது என்பது மட்டுமே நோய்க்குச் சாட்சியாகாது.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அழற்சியைத் தருபவை பெரும்பாலும் வைரஸ் கிருமிகள். சளி, இருமல், கண் சிவப்பு, குரல் கம்மல் ஆகியவை கூடவே இருந்தால் அவ்வகை என்றே மருத்துவர் எண்ணுவார். இவற்றுக்குப் பெனிசிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் எள்ளளவும் பயனில்லை. 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' எனும் பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி, பள்ளி செல்லும் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடமே மிகுதி. அதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருவோம்.

பேசத் தெரியாத குழந்தை தன் தொண்டை வலியைச் சொல்லும் விதம் வேறு. பசியோடு மார்பைப் பற்றும். இரண்டு வாய் உறிஞ்சியதும் வீறிட்டு விலகும். வழக்கத்துக்கு மேல் எச்சில் ஒழுகும். சில குழந்தைகள் காதைப் பிடித்து இழுக்கும், சில வாந்தியெடுக்கும். சற்று வளர்ந்த குழந்தையாயின் வயிற்றைத் தொட்டுக் காட்டி அழும். நாம் குடல் கோளாறு என்று எண்ணி ஓம நீர் புகட்டிக்கொண்டிருப்போம். பால் குடிக்க மறுக்கும் காய்ச்சல் குழந்தையின் தொண்டையை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கை சொல்வதும் கருவி சொல்வதும்

புறங்கையால் தொட்டு, "நெருப்பாய்க் கொதிக்கிறது" என்று சொல்லும் அளவை மருத்துவருக்குப் போதாது. வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். முற்காலத்தில் பாதரசம் அடைத்த கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினோம்; அது உடைந்தால் உள்ளிருக்கும் பாதரசம் நஞ்சு. கொடைக்கானலில் 1980-களில் நிறுவப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே சென்றது அம்பலமானதால் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது எண்களைக் காட்டும் மின்கல வெப்பமானி மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அக்குளின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, கருவியின் முனையை அங்கே வைத்து, குழந்தையின் கையை மார்போடு அணைத்துப் பிடித்தால் போதும். ஒலி எழுந்ததும் எடுத்துப் பார்த்து, மணியோடு சேர்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலானால் காய்ச்சல். அக்குளில் பார்க்கையில் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். ஆனால் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. 103 டிகிரி காய்ச்சலிலும் மருந்து இறங்கியபின் சிரித்து விளையாடும் குழந்தையைவிட, 101 டிகிரியில் துவண்டு, கண் திறவாமல் கிடக்கும் குழந்தைக்காகவே நாம் அதிகம் அஞ்ச வேண்டும். கிருமியோடு போரிட உடல் தானே மூட்டிக்கொள்ளும் வெப்பம் காய்ச்சல். அதை அடியோடு அணைத்துவிட வேண்டும் என்பதில்லை; குழந்தை சற்று ஆறுதலாக இருந்து பால் குடிக்கும் அளவுக்குத் தணித்தால் போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மூன்று மாதம் நிரம்பாத பச்சிளங்குழந்தைக்கு 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால், காரணம் எதுவென்று வீட்டில் ஆராய்ந்துகொண்டிருக்கலாகாது, மருந்தும் புகட்டலாகாது. நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அந்த வயதில் இரத்தத்திலும் மூளையுறையிலும் கிருமி பரவியிருந்தால்கூட வெளியே தெரிவது சிறு காய்ச்சல் மட்டுமாக இருக்கக்கூடும்.

வெள்ளிச் சங்கு அளவாகாது

காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கத்தக்க மருந்து பாரசிட்டமால் ஒன்றே என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அதன் அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு. இரண்டு வேளைகளுக்கு நடுவே ஆறு மணி நேரம் இடைவெளி. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் இல்லை. இதில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், அதே மருந்து கடையில் மூன்று விதச் செறிவில் கிடைக்கிறது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 150 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் அது 6 மில்லி. ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதானால் 3 மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் கொண்டது. அதில் ஒன்றரை மில்லிதான் கொடுக்க வேண்டும். "போன மாதம் ஒரு தேக்கரண்டி கொடுத்தோமே" என்று சிரப்பின் நினைவில் சொட்டு மருந்தை ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லி, புகட்டினால், மூன்று வேளைக்கு மேற்பட்ட மருந்து ஒரே விழுங்கில் உள்ளே போய்விடுகிறது. மீண்டும் மீண்டும் இவ்வாறு நேர்ந்தால் கல்லீரல் பழுதாகும். ஆகவே புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படிக்காமல் மருந்தைத் தொடாதீர்கள்.

நம் பக்கத்து வீடுகளில் குழந்தை பிறந்தால் தாய்மாமன் சீராக வெள்ளிச் சங்கு வருகிறது. பால் புகட்ட அது அருமையான சாதனம். மருந்து அளக்க அன்று. ஒவ்வொரு சங்கும் ஒவ்வொரு கொள்ளளவு. புட்டியோடு வரும் அளவுக் குப்பியாலோ, ஊசியில்லாத சிறு பீச்சுக் குழலாலோ அளந்து, பின்னர் வேண்டுமானால் சங்கில் ஊற்றிப் புகட்டலாம். மூக்கைப் பிடித்து, மல்லாக்கக் கிடத்தி ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். மருந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

ஆஸ்பிரினைக் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கலாகாது. 1963-இல் ஆஸ்திரேலியாவில் விரிவாக எழுதப்பட்ட, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஓர் அரிய நோயோடு அதற்குத் தொடர்பிருப்பது பின்னர் அறியப்பட்டது. நிமிசுலைடு எனும் மருந்தை 12 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2011-இல் தடைசெய்தது. மழைக்காலத்தில் டெங்கு நடமாடுவதால், இபுபுரூபனையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைத் தூண்டும்.

சளி மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டைக் காய்ச்சல் என்றதும், கேளாமலே ஒரு சளி சிரப்பும் வாங்கி வருவது நம் வழக்கமாகிவிட்டது. அவற்றுள் பலவற்றில் பாரசிட்டமாலும் கலந்திருக்கிறது; இரண்டையும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டோருக்குத் தரலாகாது என்ற எச்சரிக்கையை அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆணையிட்டது. அதற்குப் பின்னும் நடந்தது நெஞ்சைப் பிளப்பது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி, காய்ச்சலுக்காக இருமல் சிரப் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். இறந்தோர் இருபதுக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்தச் சிரப் தயாரானது நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்தபோது அதில் டைஎதிலீன் கிளைகால் எனும் தொழிற்சாலைக் கரைப்பான், பாதிக்குச் சற்றே குறைவாகக் கலந்திருந்தது.

இது புதிய நஞ்சன்று என்பதுதான் வேதனை. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், தொண்டை அழற்சி கண்ட குழந்தைகள் மாத்திரையை விழுங்கமாட்டார்கள் என்று, சல்பனிலமைடு மருந்தை இதே கரைப்பானில் கரைத்து இனிப்பான நீர்மமாக விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மருந்தை விற்குமுன் அது தீங்கற்றது என மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் 1938-இல் பிறந்தது அந்தச் சாவுகளால்தான். எண்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டில் அதே நஞ்சு, அதே போன்ற சிறு நோய்க்காகக் குழந்தைகளின் வாயில் ஊற்றப்பட்டிருக்கிறது. இதில் பெற்றோரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை; கலப்படத்தைக் கண்டுபிடிக்கத் தாயால் இயலாது. ஆனால் தேவையற்ற சிரப்பை வாங்காதிருக்க இயலும்.

பட்டினி மருந்தாகுமா?

"லங்கணம் பரம ஔஷதம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூக்கு முட்ட உண்டு மாந்தத்தில் கிடக்கும் பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். பால்குடிக் குழந்தைக்கு அது பொருந்தாது. காய்ச்சலில் உடலின் நீர் விரைந்து வற்றும். தொண்டை வலியால் குழந்தையும் குடிக்காது. வீட்டாரும் பட்டினி போட்டால் மூன்றும் சேர்ந்து ஒரே நாளில் குழந்தையை உலர்த்திவிடும். தொண்டை அழற்சி கண்ட குழந்தைகள் மருத்துவமனையில் படுக்க நேர்வதற்கு நீர் வற்றிப்போவது முக்கியமான காரணம்.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரே நேரத்தில் நிறையக் குடிக்காது. ஆகவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பாரசிட்டமால் கொடுத்து அரைமணி நேரமோ முக்கால் மணி நேரமோ கழித்து வலி சற்றுத் தணிந்திருக்கும் வேளையே பால் கொடுக்க நல்ல வேளை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குக் குழைந்த அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர் விட்ட சோறு, பாலில் ஊறிய இடியாப்பம், இளநீர் என எது இறங்குகிறதோ அது. குளிர்ந்த பொருள் கொடுத்தால் காய்ச்சல் ஏறும் என்ற அச்சம் வீண். வீங்கிய தொண்டைக்குச் சற்றுக் குளிர்ந்த மோர் இதமாகவே இருக்கும். தேன் மட்டும் ஒரு வயது நிரம்பும்வரை நாவில் தடவக்கூட வேண்டாம். துளசிச் சாற்றில் குழைத்தாலும், வசம்பு உரைத்துச் சேர்த்தாலும் தேன் தேன்தான். பெரியவர்களுக்குத் தீங்கு செய்யாத ஒரு நுண்ணுயிரின் விதை அதில் இருக்கக்கூடும். சிசுவின் குடலில் அது முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும்.

குழந்தை போதிய அளவு குடிக்கிறதா என்பதை அறியச் சிறுநீரைப் பாருங்கள். எட்டு மணி நேரம் துணி நனையவில்லையென்றாலும், அழும்போது கண்ணீர் வரவில்லையென்றாலும், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலும் அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்கலாகாது.

கம்பளிச் சட்டை, குல்லாய், காலுறை, அதன்மேல் போர்வை, சாத்திய சன்னல் என்று காய்ச்சல் குழந்தையைப் பொதிந்து வைப்பது உடலின் வெப்பம் வெளியேறும் வழியை அடைப்பதாகும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். உயர்ந்த கூரையும் நடுமுற்றமும் வைத்து வீடு கட்டிய நம் ஊர்க்காரர்கள் காற்றோட்டத்தின் அருமையை அறிந்தவர்கள். அந்தக் காற்றைக் குழந்தைக்கு மறுப்பானேன்? நெற்றியில் ஓடிகோலன் நனைத்த துணி போடும் வழக்கத்தை மூத்த தலைமுறையினர் நினைவுகூர்வர். சாராயம் கலந்த அந்நீர் குழந்தைக்கு ஆகாது. பனிக்கட்டி நீரும் ஆகாது. உடல் நடுங்கி, வெப்பம் முன்னிலும் ஏறும். வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைப்பதால் தீங்கில்லை. ஆனால் அதனால் வரும் பயன் சிறிது நேரத்துக்கே என்பதால் மருத்துவர்கள் இப்போது அதை வற்புறுத்துவதில்லை. குழந்தை அழுது எதிர்த்தால் விட்டுவிடலாம்.

தொண்டைக்குள் விரல்

இனிச் சொல்லப்போவது சில பெரியவர்களுக்குக் கசக்கலாம். விரலில் உப்பும் மிளகுத் தூளும் தொட்டுக் குழந்தையின் தொண்டைச் சதையை அழுத்திவிடுவது, உள்நாக்கு மேலேறும் என்று உச்சி மயிரைப் பற்றி இழுப்பது, சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போடுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது ஆகியவை இன்றும் சில ஊர்களில் நடக்கின்றன. இவற்றைச் செய்பவர்கள் காசுக்காக மட்டும் செய்பவர்களல்லர். பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற பரிவோடும் செய்கிறவர்கள். ஆயினும் வீங்கிப் புண்ணாகிய சதையை நகத்தோடு அழுத்தினால் இரத்தம் கசியும், சீழ் பரவும், குழந்தை திணறி மூச்சடைக்கும். சுண்ணாம்பு பிஞ்சுத் தோலை வேகவைக்கும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அங்கே தங்கி, மருந்துக்கு எளிதில் மசியாத நிமோனியாவாகும். அழுத்திய மறுநாள் காய்ச்சல் தணிந்தது என்று சொல்வார்களேல், மூன்றாம் நாளில் தானே தணிய இருந்த காய்ச்சல் அது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தொண்டையைத் தொட அஞ்ச வேண்டிய இன்னொரு காரணம் டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான். டான்சிலின்மேல் சாம்பல் நிறத்தில் தடித்த ஏடு படிவது அதன் அடையாளம். அதைச் சுரண்டினால் இரத்தம் பெருகும். ஆண்டுதோறும் பெப்ரவரி 3-ஆம் நாள், மறைசாட்சியான ஆயர் புனித பிளேசியாரின் நினைவாக, இரு மெழுகுதிரிகளைச் சிலுவையாகக் கழுத்தருகே பிடித்துக் குருவானவர் தொண்டையை ஆசீர்வதிப்பதை நம் பங்குகளில் காண்கிறோம். முள் சிக்கி மூச்சடைத்த ஒரு சிறுவனை அவர் காப்பாற்றியதாக மரபு. தொண்டை அடைப்பான் பிள்ளைகளை வாரிச் சென்ற காலத்தில் தாய்மார்கள் எத்தகைய நடுக்கத்தோடு அந்த ஆசீருக்காகக் குழந்தைகளை ஏந்தி நின்றிருப்பார்கள்! இன்று அந்த நோயைத் தடுக்கும் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதுவும் அடங்கும். 2011 டிசம்பரில் அதை நாட்டிலேயே முதலில் தொடங்கியவை கேரளமும் தமிழ்நாடும். ஒன்றரை வயதை ஒட்டியும், ஐந்து வயதிலும் போட வேண்டிய ஊக்க ஊசிகளைத்தான் நம்மவர் மறந்துவிடுகிறார்கள். அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

வலிப்பு வந்தால்

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வரக்கூடும். கண் மேலே செருக, கைகால் வெட்டி இழுப்பதைக் காணும் தாய் தன் குழந்தை போய்விட்டது என்றே எண்ணுவாள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானே நின்றுவிடும். மூளைக்குக் கேடு செய்வதில்லை. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலோ, பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுவதாலோ வலிப்பு நிற்காது, பல்தான் உடையும். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றலாகாது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். நின்றுவிட்டாலும், முதன்முறை வந்த வலிப்பாயின் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மற்றும் எவையெவை கண்டால் விரைய வேண்டும்? எச்சிலைக்கூட விழுங்க இயலாமல் வாயைத் திறந்து வடியவிட்டு, கழுத்தை முன்நீட்டி மூச்சு வாங்குவது, மூச்சை உள்ளிழுக்கையில் கரகரவென ஓசை எழுவது, விலாவுக்குக் கீழே குழி விழுவது, கழுத்து விறைப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம், அழுத்தினால் மறையாத ஊதாப் புள்ளிகள். சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணிப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. இவ்வெண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நுரையீரலிலும் நோய் இருக்கலாம். மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சலுக்கு, வேறெந்த அடையாளம் இல்லாவிட்டாலும், மருத்துவரைக் காண வேண்டும்.

இருதயம்வரை செல்லும் கிருமி

பள்ளி செல்லும் அண்ணனையும் அக்காளையும் இப்போது கவனிப்போம். திடீரென்று கடுங்காய்ச்சல், விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி கட்டுதல், டான்சிலில் வெண்சீழ்ப் புள்ளிகள். ஆனால் சளியுமில்லை, இருமலுமில்லை. இவ்வாறிருந்தால் அது நாம் முன்னர்ச் சொன்ன ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். காய்ச்சல் சில நாளில் தணிந்துவிடும். எல்லோரும் மறந்தும் போவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும். அது குணமாகுமுன் கணுக்கால், பின்னர் மணிக்கட்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி, கிருமிக்கும் தன் உறுப்புக்கும் வேறுபாடு தெரியாமல் மூட்டுகளையும் இருதயத்தின் வால்வுகளையும் தாக்குவதால் வரும் வாதக் காய்ச்சல் இது. மூட்டுவலி மறைந்துவிடும், வால்வில் விழுந்த தழும்பு மறையாது. அந்தச் சிறுமி வளர்ந்து, மணமாகி, முதல் பிள்ளையைச் சுமக்கையில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சிரைக்கும்போதுதான் பல குடும்பங்களில் உண்மை வெளிப்படுகிறது.

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் பல்லாண்டு உழைத்து இந்தியாவிலேயே செயற்கை இருதய வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை விலைகொடுத்து வாங்க இயலாத ஏழைகளிடையே வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். அவர்களுள் எத்தனையோ பேருக்கு நோய் தொடங்கிய இடம் சிறுவயதில் வந்த ஒரு தொண்டை வலி.

தடுக்கும் வழி மிக மலிவானது. இக்கிருமிதான் என்று மருத்துவர் முடிவு செய்து பெனிசிலின் வகை மருந்து எழுதினால், தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தாலும் இருதயத்தைக் காக்கலாம். ஆனால் பத்து நாள் மருந்தையும் முடிக்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் தம்பிக்குச் சளி பிடித்தபோது அதையே புகட்டும் சிக்கனம் இரு பிள்ளைகளுக்கும் கேடு. ஏற்கெனவே வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில் தொடரும்; பிள்ளை அழுகிறதே என்று இடையில் நிறுத்திவிட்ட பெற்றோர் உண்டு. எல்லாத் தொண்டை வலிக்கும் "ஓர் ஊசி போட்டு விடுங்கள்" என்று மருத்துவரை நெருக்குவதும் வேண்டாம். அவர் எழுதியதைப் பாதியில் விடுவதும் வேண்டாம்.

கடைசியாக, "சதையை வெட்டி எடுத்துவிடலாமா?" என்ற கேள்வி. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேலை நாடுகளில் இதைக் கூட்டங்கூட்டமாகப் பிள்ளைகளுக்குச் செய்தார்கள். இப்போது ஓராண்டில் ஏழு முறையோ, இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறையோ, மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறையோ கடுமையான அழற்சி வந்தால்தான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். சதை பெருத்து, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைக்கும் அறுவை தேவைப்படலாம். அவ்வாறான தொல்லை ஏதுமில்லாத கைக்குழந்தையின் டான்சிலை எடுக்கும்படி எவரேனும் சொன்னால், மதுரையிலோ திருச்சியிலோ இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். காய்ச்சல் வந்த நாள், அதன் அளவு, கொடுத்த மருந்து ஆகியவற்றைக் குறித்துவைத்த அந்தத் தாளை அப்போது கையோடு கொண்டுபோக மறக்க வேண்டாம்.